படையலுக்கு வெளியே நின்றவள்

என் அம்மா லெட்டிஷியாவின் நாற்பதாம் நாள் படையலில் கழுகுகள் இறங்கி வரவில்லை.

மற்றபடி ஒரு குறையும் கிடையாது. முந்தின நாளே ஆடு வெட்டியாயிற்று. செம்பனை எண்ணெயில் காராமணி வெந்தது, அகரா வடை கூடைகூடையாகச் சுட்டோம், வாழைப்பழம் பொரித்தோம், இஞ்சித் தண்ணீர் அண்டாவில் கலக்கினோம். ஃப்ரீடவுனை ஒட்டிய மலையில் இருக்கிற எங்கள் ரீஜண்ட் கிராமத்தில் பாதிப் பேர் எங்கள் முற்றத்தில் நின்றார்கள், எல்லோரும் நான் தைத்துக் கொடுத்த ஒரே பூப்போட்ட துணியில். தையற்காரி வீட்டுச் சாவில் துணியையாவது யாரும் குற்றம் சொல்லக் கூடாதில்லையா? எல்லாப் பண்டத்திலும் ஒரு பிடி எடுத்துப் பிசைந்து, முற்றத்தில் தோண்டிய குழியில் வைத்துவிட்டு விலகி நின்றோம். கூரை முகட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்த கழுகுகள் தலையைச் சாய்த்துப் பார்த்தன. அவ்வளவுதான். சாயங்காலம் வரை சோறு அப்படியே காய்ந்தது.

விடுதலையான அடிமைகளின் வம்சமான எங்கள் கிரியோ ஜனத்தில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் இதன் அர்த்தம் தெரியும். கழுகு தின்றால் செத்தவர்கள் தின்றார்கள். புதிதாகப் போனவளைப் பழையவர்கள் உள்ளே அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்கள். தின்னாவிட்டால் அவள் இன்னும் வெளியே நிற்கிறாள்.

டன்ஸ்டன் அண்ணன் கோலாக் கொட்டைகளை எடுத்தார். அவர் என் பெரியம்மா யூஜீனியாவின் மகன், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதற்கும் அசராத ஆள். இரண்டு கொட்டையைப் பிளந்தால் நாலு பாதி. உருட்டினால் இரண்டு மல்லாந்தும் இரண்டு கவிழ்ந்தும் விழவேண்டும். அதுதான் செத்தவர்கள் சொல்லும் சரி. நாலும் கவிழ்ந்தன. மறுபடி உருட்டினார். மறுபடியும் நாலும் கவிழ்ந்தன.

“காத்துல புரண்டிருக்கும்,” என்றாள் பெரியம்மா.

“காத்துல புரள அது என்ன பஞ்சா பெரியம்மா?” என்றேன்.

பக்கத்து வீட்டு மிஸஸ் காஃப்கர் மூன்று தட்டு சாப்பிட்டு வாயைத் துடைத்துக்கொண்டே, “பாவம், லெட்டிஷியாவை உள்ள விடல போலிருக்கு,” என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு வரவில்லை.

ஏனென்றால் அதற்கு முன்பே ஒன்று நடந்திருந்தது.

எங்கள் வீட்டில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. சோறு வைப்பதற்கு முன் செத்தவர்களை மூத்தவரிலிருந்து வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம் இல்லையா, அந்த நேரத்தில் முற்றத்துத் தகரக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிடுவோம். ஊரில் வேறு எந்த வீட்டிலும் இப்படி இல்லை. மற்றவர்கள் கதவை அகலத் திறந்து வைப்பார்கள், தெருவில் போகிறவனும் வந்து தின்றால்தான் புண்ணியம். எங்கள் வீட்டில் பெரியம்மாவே போய்த் தாழைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஏன் என்று கேட்டால், “எங்க அப்பா அப்படித்தான் செஞ்சார்,” என்பாள்.

அன்று மூத்த மகள் என்ற முறையில் நான்தான் கூப்பிட்டேன். முதலில் சக்கரியா. அடிமைக் கப்பலிலிருந்து வெள்ளைக்காரக் கடற்படை மீட்டு இந்த மலையில் கொண்டுவந்து விட்ட எங்கள் முதல் ஆள். அடுத்து அவர் மனைவி சபீனா. இந்த இரண்டு பெயருக்கும் நடுவில் நான் மூச்சு வாங்கிய நேரத்தில், கதவுக்கு வெளியே ஒரு பெண்குரல் ஏதோ சொன்னது. தொண்டை கட்டிய, தண்ணீர் கேட்கிற மாதிரியான குரல். வார்த்தை விளங்கவில்லை. பெரியம்மா முதுகைக் கதவில் சாய்த்து அழுத்தினாள். அவள் உதடு காய்ந்துபோனதை நான் பார்த்தேன். பிறகு டன்ஸ்டன் அண்ணன் திறந்து பார்த்தபோது மலைப்பனியும் வெறும் சாலையும்தான் இருந்தன.

விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்போது கேட்டேன். “யாரையோ விட்டுட்டோம் பெரியம்மா. அதான் அம்மாவுக்கு இடம் கொடுக்க மாட்டேங்கறாங்க.”

“யாரை விட்டோம்? எங்க அப்பா கூப்பிட்ட வரிசை இது. அவரோட அப்பா கூப்பிட்ட வரிசை.”

“அவங்க எல்லாரும் சேர்ந்து விட்டிருந்தா?”

“ஊருக்கெல்லாம் தைக்கறே, உன் வாயைத் தைக்க ஒரு ஆளு இல்லையே ரெமி.”

நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் தூக்கம் போய்விட்டது. என் அம்மாவுக்கு இடது முழங்கால் சரியில்லை. அரிசி வாங்கும் வரிசையில்கூட நிற்க முடியாமல் என்னைத்தான் அனுப்புவாள். அவள் எங்கேயோ ஒரு வாசலில் அந்தக் காலோடு நிற்கிறாள் என்ற நினைப்பு என்னைத் தின்றது. நான் பெரிய பக்தை இல்லை, கழுகை வணங்குகிறவளும் இல்லை. ஆனால் பெற்றவள் விஷயத்தில் ‘ஒருவேளை’ என்ற ஒரு சொல் போதும் ஆளைக் கொல்ல. இன்னும் ஒரு வாய்ப்பு மட்டும் மிச்சம் இருந்தது, ஆண்டுப் படையல். அதிலும் ஏற்கப்படாதவர்கள் கடைசிவரை ஏற்கப்படாதவர்கள்தான். எனக்கு அதற்குள் அந்த விட்டுப்போன பெயர் வேண்டும்.

ஃப்ரீடவுன் மலைமேல் பழைய அரசாங்கப் பதிவுகளை வைத்திருக்கிற கட்டடத்துக்கு அப்படித்தான் போக ஆரம்பித்தேன். அங்கே இருந்தவர் லஹாய், மெண்டே இனத்து ஆள், சட்டைப்பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை.

“வாங்க மேடம். நீங்க கிரியோ ஆளுங்கன்னாலே நேரே செத்தவங்ககிட்டதான் வருவீங்க. நீங்க செத்தவங்களுக்குப் போடற சோத்துல எங்க ஊர்ல உசுரோட இருக்கறவன் ஒரு வாரம் சாப்பிடுவான்.”

“அதான் உங்க ஊர்ல செத்தவனெல்லாம் ராத்திரியில சுத்தறான்,” என்றேன். அவர் கெக்கெக்கென்று சிரித்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

தெரிந்த இடத்திலிருந்துதானே நூலை இழுக்க முடியும்? சக்கரியாவின் மகன் நத்தானியேல், அவரிலிருந்துதான் எங்கள் கிளை. அவருடைய ஞானஸ்நானப் பதிவைத் தேடினேன். கிடைத்தது. தகப்பன் பெயர் சக்கரியா, விவசாயி, ரீஜண்ட். தாய் பெயர் மார்த்தா.

சபீனா இல்லை. மார்த்தா.

நான் அந்த வரியை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் சபீனாவின் பெயரைச் சொல்லும்போதே பெரியம்மாவின் முதுகு நிமிரும். அவள் கப்பலில் கட்டிக் கொண்டுவரப்பட்டவள் இல்லை, கடல் கடந்து சுதந்திரமாக வந்து குடியேறிய பெரிய குடும்பத்துப் பெண், வெள்ளிக் கரண்டியோடு வந்தவள். அந்தக் கரண்டி இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. அவள் எங்கள் இரத்தமே இல்லையா?

திருமணப் பதிவுகளைப் பிரித்தேன். சக்கரியாவுக்கு இரண்டு திருமணம். 1831இல் மார்த்தாவோடு. 1844இல் சபீனாவோடு, அதில் அவர் பெயருக்கு எதிரே ‘மனைவியை இழந்தவர்’ என்று எழுதியிருந்தது. சரி, நடுவில் மார்த்தா செத்திருக்கிறாள். அடக்கப் பதிவில் தேடினேன். அந்தப் பதின்மூன்று வருஷத்தில் மார்த்தா என்று யாரையும் அந்தக் கிராமத்தில் புதைக்கவில்லை. பக்கத்து கிராமங்களையும் பார்த்தேன். செத்தவள், ஆனால் குழி இல்லை.

“ஓடிப் போயிருப்பா மேடம்,” என்றார் லஹாய்.

“உங்க வீட்டுப் பொம்பளைங்க ஓடுவாங்க.”

“ஓடினா நல்லா இருக்கும்னுதான் பார்க்கறேன்,” என்று பெருமூச்சு விட்டார். பிறகு வேர்க்கடலையை உரித்துக்கொண்டே கேட்டார். “ஏன் மேடம், உங்ககூட வர்ற அம்மா எப்பவும் வாசல்லயே நிக்கறாங்களே. உள்ள வந்து உட்காரச் சொல்லுங்களேன். நான் கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறாங்க.”

“யாரு? நான் தனியாத்தான் வர்றேன்.”

“அந்த வயசானவங்க. காதுக்கு என்ன ஆச்சு அவங்களுக்கு, நாய் கடிச்சதா?”

என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். லஹாய் கையிலிருந்த கடலையை மேசையில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அந்த அறையில் உட்கார்ந்து எதையும் தின்று நான் பார்த்ததில்லை.

மார்த்தாவை நான் கண்டுபிடித்தது கல்லறைப் பதிவில் இல்லை, போலீஸ் நீதிமன்றப் புத்தகத்தில். நிலத் தகராறு ஏதாவது இருக்குமா என்று சக்கரியாவின் பெயரை அதில் தேடப் போய், 1845இல் ஒரு வழக்கு அகப்பட்டது. செத்தவர்களுக்கான விருந்தில் கலவரம் செய்தாள் என்று ஒரு பெண்மீது புகார். புகார் கொடுத்தவர் சக்கரியா. குற்றம் சாட்டப்பட்டவள், ‘அவேரோ, தன்னை மார்த்தா என்று சொல்லிக்கொள்பவள்’.

அவள் சொன்னதை எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எனக்கு அது எங்கள் பேச்சிலேயே காதில் விழுந்தது.

“எங்க அம்மா உசுரோட இருக்காளான்னு பார்க்க, நான் பொறந்த தேசத்துக் கரைக்கு, பதாக்ரிக்கு, கப்பல்ல போனேன். என் புருஷன் போகச் சொல்லித்தான் போனேன். எங்க ஊரை எரிச்சிருந்தாங்க. யாரும் இல்ல. எனக்குக் காய்ச்சல் வந்து அங்கேயே கெடந்தேன். நான் போன கப்பல் திரும்பி வர்றப்போ முழுகிடுச்சாம், அது எனக்குத் தெரியாது. ரொம்ப நாள் கழிச்சு வேற கப்பல்ல வந்தேன். மலையேறி வரும்போது எங்க வீட்டுல பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. சந்தோஷமா இருந்துச்சு. துணி அழுக்கா இருந்ததால வாசல்லயே நின்னேன். பேரு கூப்பிட்டாங்க. எல்லாருக்கும் கடைசியா மார்த்தான்னு கூப்பிட்டாங்க. இங்கதான் இருக்கேன்னு சொன்னேன். கூப்பிட்டா வேற என்ன சொல்லுவாங்க?”

அடுத்து சக்கரியாவின் வாக்குமூலம். மூன்றே வரி. “என் மனைவி மார்த்தா இறந்துவிட்டாள். அவளுக்குச் சமைத்துப் படைத்தாகிவிட்டது. இந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது.”

பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குப் பதில் சொல்வது குற்றமில்லை என்று அவளை விட்டுவிட்டார்கள். கீழே எழுத்தர் ஒரு வரி சேர்த்திருந்தார், எதற்காக என்று தெரியவில்லை. ‘எங்கே போவாய் என்று கேட்கப்பட்டது. பதில் இல்லை.’

நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். அந்தக் குரலை எனக்குத் தெரியும். நாற்பதாம் நாள் எங்கள் தகரக் கதவுக்கு வெளியே, சக்கரியாவுக்கும் சபீனாவுக்கும் நடுவில் விட்ட இடைவெளியில், அவள் பெயர் வரவேண்டிய இடத்தில், அதே வார்த்தையைத்தான் அது சொல்லியிருக்கிறது.

அவேரோ என்ற பெயர் கையில் கிடைத்ததும் மீட்கப்பட்டவர்களின் பழைய பதிவேடுகளில் தேடினேன். ஒரு கப்பலில் அந்தப் பெயரில் ஒரே ஒரு சிறுமி. வயது பதினொன்று. உயரம் நாலடி மூன்று அங்குலம். அடையாளம், இடது காதுமடல் கிழிந்தது.

லஹாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் படித்தார். “மேடம், இனிமே நீங்க வர்ற அன்னிக்கு நான் லீவு,” என்று சொன்னார். ஆனால் அன்று நான் வெளியே போகும்போது வாசல்வரை கூடவே வந்து, யாருக்கோ வழிவிடுவதுபோல ஓரமாக நின்றார்.

வீட்டுக்கு வந்து இஞ்சு டேப்பை எடுத்தேன். கதவுச் சட்டத்தில் நாலடி மூன்று அங்குலத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். என் தோளுக்குக் கீழே வந்தது அந்தக் கோடு. இந்த உயரத்தில் ஒரு பிள்ளையைச் சங்கிலி போட்டுக் கப்பலின் அடியில் படுக்க வைத்திருந்தார்கள். இந்த உயரத்துக்கு ஒரு பாவாடை தைக்க எனக்கு ஒன்றரை கஜம் போதும். அதன் பிறகு சாயங்காலம் பனி இறங்கும் வேளையில் அந்தச் சட்டத்தைத் தாண்டும்போதெல்லாம் கை தானாக அந்த உயரத்துக்குப் போகும், ஒரு தலையைத் தொடுவதுபோல. அங்கே காற்று கொஞ்சம் ஈரமாக இருக்கும். வெளியே தகரக் கதவின் தாழ் மெதுவாக ஒருமுறை தூக்கித் தானே விழும். யாரும் தள்ளிக்கொண்டு உள்ளே வரவில்லை. தாழைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அனுமதி இல்லை என்று விட்டுவிடுகிற கை.

அவளுடைய மிச்ச வாழ்க்கையைப் பொறுக்கி எடுக்க மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. அவள் வேறெங்கும் போகவில்லை. ஊர்க் குடித்தனக் கணக்கில் ஓடையோரத்துப் புல்வேய்ந்த குடிசையில் இருக்கிறாள், அவேரோ, சலவைக்காரி, தனியாள். மார்த்தா என்ற பெயரைப் பிறகு எங்கேயும் அவள் சொல்லவில்லை, அந்தப் பெயருக்குச் சாவுச்சோறு போட்டு முடித்துவிட்டார்களே. புருஷன் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், அவனும் சபீனாவும் போட்ட துணியையும் ஒருவேளை அவளே துவைத்துக்கொண்டு, இருபத்தாறு வருஷம் இருந்திருக்கிறாள். மகன் நத்தானியேலின் திருமணப் பதிவில் சாட்சிகள் இரண்டு பேர். ஒருவர் பள்ளி வாத்தியார், அழகான கையெழுத்து. இன்னொருவர் ஒரு சிலுவைக் குறி, பக்கத்தில் எழுத்தர் எழுதியது, ‘அவேரோவின் குறி’. சலவைக்காரியைச் சாட்சியாக யார் கூப்பிடுவார்கள்? அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தாயை மேசைக்குக் கூப்பிட முடியாதவன் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறான். அந்த நாளில் அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று எனக்குத் தெரிந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று தோன்றியது.

1871இல் அவள் அடக்கப் பதிவு. அவேரோ, ஏழை, ஏறத்தாழ அறுபது வயது. உறவினர் என்ற இடத்தில் ஒரு கோடு. நத்தானியேல் அப்போது ஊரிலேயே நல்ல வசதியோடு இருந்தார். அந்த ஆளின் பெயரை நாங்கள் வருஷம் தவறாமல் பயபக்தியோடு கூப்பிட்டு வந்திருக்கிறோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் எதிரே இருந்திருந்தால் கத்தரிக்கோலை எறிந்திருப்பேன்.

ஆண்டுப் படையலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெள்ளிக் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை துடைத்தாள்.

“ஆக, ஊர்த்துணி துவைச்சவளோட வம்சமா நாம?”

“ஊர்த்துணி தைக்கறவ நான். நடுவுல நீங்க ஒருத்தர்தான் ராணி.”

பெரியம்மா சிரிக்கவில்லை. “நான் சின்னப் பொண்ணா இருக்கும்போதே அந்தக் குரலைக் கேட்டேன்டி. ஒவ்வொரு படையல்லயும் கேட்டேன். அப்பாகிட்ட கேட்டப்போ அறைஞ்சாரு. அப்புறம் சொன்னாரு, வெளிய நிக்கறவ செத்தவங்க சோத்தைச் சாகாமலே வாங்கினவ. செத்தவங்க பக்கமும் அவளுக்கு இடமில்ல, உசுரோட இருக்கறவங்க பக்கமும் இடமில்ல. கதவைத் திறந்தா அவ வந்து உட்காரறதுக்கு ஒருத்தரை எழுப்பிட்டுத்தான் உட்காருவான்னு. எழுபது வருஷமா அந்தத் தாழைப் பிடிச்சிருக்கேன். உங்க அம்மாவுக்கும் உனக்கும் ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் பிடிச்சிருக்கேன்.”

“பெரியம்மா, அம்மாவும் இப்ப அந்தக் கதவுக்கு வெளியதான் நிக்கறா.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். லெட்டிஷியா அவளுக்குத் தங்கை, பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த தங்கை. இதை நான் யோசித்தே பார்க்கவில்லை. என் அம்மா என்றே நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

“திறக்கறதுன்னா நீ திற,” என்றாள் கடைசியில். “என்னால முடியாது.”

ஆண்டுப் படையல் நாள் காலையில் கல்லறைக்குப் போய்த் தண்ணீர் ஊற்றினோம். ஏழைகளைப் புதைத்த மூலையில் எந்த மேடு அவளுடையது என்று தெரியாததால் அங்கே புல்லின்மேல் எல்லா இடத்திலும் ஊற்றினேன். வீட்டுக்குத் திரும்பும்போது பனி மரங்களை மூடியிருந்தது. முற்றத்தில் நாற்பதாம் நாளைவிடக் கூட்டம், மிஸஸ் காஃப்கர் முதல் வரிசையில். கூரை முகட்டில் ஒரு கழுகுகூட இல்லை. லஹாயும் வந்திருந்தார், உயிரோடு இருப்பவர்களுக்கும் போடுவீர்களா என்று பார்க்க வந்தேன் என்றார்.

நான் போய்த் தாழை எடுத்தேன். தகரக் கதவை அகலத் தள்ளி, திரும்பி வராமல் ஒரு கல்லை முட்டுக் கொடுத்தேன். எங்கள் உறவுக்காரர்களிடையே ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. பெரியம்மா பழக்கத்தில் கதவருகே போய் நின்றுவிட்டாள். பிடிக்கத் தாழ் இல்லாததால் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

“சக்கரியா,” என்று கூப்பிட்டேன். அடுத்து, “மார்த்தா.”

ஒரு சத்தமும் இல்லை. கதவுக்கு வெளியே பனி மட்டும் நின்றது. டன்ஸ்டன் அண்ணன் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று. அந்தப் பெயரில் அவளை ஒருமுறை கூப்பிட்டு, வந்தவளைப் போலீசில் பிடித்துக் கொடுத்தோம். இன்னொரு முறை அதற்கு எப்படி வருவாள்?

“அவேரோ,” என்றேன். “அவேரோ அம்மா. நத்தானியேலைப் பெத்தவளே. உன் வீடுதான் இது. உள்ள வா.”

“இங்கதான் இருக்கேன்.”

எல்லோரும் திரும்பினோம். கதவருகே பெரியம்மா நின்றாள், கன்னம் முழுக்கக் கண்ணீர். குரல் அவள் பக்கமிருந்துதான் வந்தது. தொண்டை கட்டிய, தண்ணீர் கேட்கிற குரல். மிஸஸ் காஃப்கர் தட்டைக் கீழே போட்டாள். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்தது. சபீனா, நத்தானியேல் என்று வரிசையாகக் கூப்பிட்டுக் கடைசியில், “லெட்டிஷியா,” என்றேன்.

சோற்றைக் குழியில் வைத்தோம். விலகி நின்றோம்.

வானத்திலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. சாலைப்பக்கமிருந்து, திறந்த கதவு வழியாக, ஒரு கிழட்டுக் கழுகு தரையில் நடந்து வந்தது. பறக்கவில்லை, நடந்தே வந்தது. கதவு நிலையருகே நின்று, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோலக் கழுத்தை நீட்டிப் பார்த்தது. பெரியம்மா ஓரமாக ஒதுங்கி, “வா அம்மா, ரொம்ப தூரம் நடந்துட்டே, வந்து சாப்பிடு,” என்றாள். அது கூட்டத்தின் நடுவே யாரையும் சட்டை செய்யாமல் நடந்து குழியை அடைந்தது.

டன்ஸ்டன் அண்ணன் கோலாக் கொட்டையை உருட்டினார். இரண்டு மல்லாந்தன, இரண்டு கவிழ்ந்தன. அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்றிருந்தது. “ரெமி, நான் வாயைத் திறக்கலடி. அவளுக்காக நான் சொல்லலாம்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள என் பக்கத்துல யாரோ சொல்லிட்டாங்க.”

நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் போனவள் உள்ளே போய் வழி விடட்டும் என்று இவ்வளவு நேரம் பின்னால் காத்து நின்றதுபோல, பனியிலிருந்து இன்னொரு கழுகு வந்தது. இடது காலைச் சற்று இழுத்து இழுத்து நடந்தது. தரையில் நடக்கும்போது எல்லாக் கழுகும் அப்படித்தான் நடக்கும் என்கிறார் டன்ஸ்டன் அண்ணன். சொல்லிக்கொள்ளட்டும். நான் வெளியே ஓடிப் போய், என் அம்மா உள்ளே போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.